வழுக்காத ரீல்

முதலில், நடந்தவை நடந்த ஒழுங்கில்:

1. உறைந்த ஏரியில் மீன் பிடிப்பதற்காக, மலிவானதும் நம்பக்கூடியதுமான இரண்டு தூண்டில் தடிகளையும் இரண்டு ரீல்களையும் நான் தேர்ந்தெடுத்தேன். ஓர் இலையுதிர்காலம் முழுவதும் இதற்கே போனது.
2. அவற்றில் ஒன்று தடி, ரீல், தங்கூசி நூல் எல்லாவற்றோடும் ஏரிக்குள் போனது. இதற்கு ஒரு கணம் போதுமாக இருந்தது.
3. அப்பா குப்புறக் கிடந்தார்.
4. நான் அவசர எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
5. தீயணைப்பு வண்டி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது.

ஐந்துக்குப் பிறகு நடந்ததை எண் போட்டு எழுத எனக்குத் தெரியவில்லை. (எண் போட முடியாத விஷயங்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை. மரக்கறி வாங்கும் பட்டியலில்கூட எனக்கு உட்பிரிவுகள் உண்டு.)

நான் ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்கிறேன். கொள்கலன்களைத் தூக்கும் கிரேன்களின் பிரேக்குகளைச் சோதிப்பது என் தொழில். அத்தனை எடையும் அந்தரத்தில் தொங்கும்போது பிரேக் ஒரு விரலளவு வழுக்கினாலும் அறிக்கையில் சிவப்பு அடையாளம் போடுவேன். வழுக்கும் பிரேக் கெட்ட பிரேக். இந்த ஒரு வாக்கியத்தை நான் வேதவாக்காக நம்பியிருந்தேன். இனி வரும் கெடுதிகள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

அப்பா மன்னாரில் பிறந்தவர். இதைச் சொன்னதும் என்னோடு வேலை செய்கிறவர்கள் வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் மீனவரா?" என்பார்கள். அப்பாவின் வீட்டார் வைத்திருந்தது சைக்கிள் கடை. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஹம்பேர்க்கில் ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில்கூட முகம் வெளிறிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்வார். (படகு அக்கரை சேரும்போது முதல் காரணிக்கத்தின் பத்து மணிகூட முடிந்திருக்காது.)

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து, வேலையையும் விட்ட பிறகு, அவர் நாள் முழுக்கச் சோபாவில் இருந்தபடி ஒரே வகைக் காணொளியைப் பார்த்தார். பின்லாந்துக் கிழவர்கள் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து, ஒரு சொல் பேசாமல் மீன் பிடிக்கும் காணொளி. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆடாத தண்ணி, பிள்ளை," என்றார்.

மருத்துவர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார். அப்பா நடக்கவில்லை. படி ஏறினால் நெஞ்சு நின்றுவிடும், குளிருக்குள் போனால் மூச்சு நின்றுவிடும், பஸ்சில் ஏறினால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும் என்று நம்பினார். ஒரு வருடமாக அவர் போன மிகத் தூரமான இடம் கீழே இருந்த தபால்பெட்டி. ஒருநாள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அம்மா மெதுவாகச் சொன்னார்: "மனுசன் சாகேல்லை. ஆனா உயிரோடை இருக்கிற மாதிரியும் தெரியேல்லை."

அன்றுதான் முடிவெடுத்தேன். அப்பாவை வீட்டுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு ஆடாத தண்ணீர் வேண்டும்.

பனித் தூண்டிலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாத ஒன்றை நான் அட்டவணை போட்டுத்தான் அறிந்துகொள்வேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற வசதியில் மலிவான ரீல்களும் தடிகளும் பார்சல் பார்சலாக வீட்டுக்கு வந்தன. தடி ஒவ்வொன்றும் என் கை நீளம்கூட இல்லை. ஓட்டைக்கு அருகிலேயே குந்தியிருந்து பிடிப்பதால் நீளம் தேவையில்லையாம். அப்பா ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உண்மையா இது தூண்டிலோ? அகப்பைக் காம்போ?"

முதல் சோதனை குளிர். ரீலுக்குள் இருக்கும் கிரீஸ் குளிரில் இறுகிவிட்டால் கைப்பிடி சுழலாது என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டு உறைபெட்டியை முருங்கைக்காய் பிடித்திருந்ததால், பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் யூட் அண்ணையிடம் போனேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்காமல், மீன் உறைபெட்டியில் அறக்குளாவுக்கும் கணவாய்க்கும் நடுவில் இடம் ஒதுக்கித் தந்தார். அடுத்த நாள் எடுக்கப் போனபோது, கடைக்கு வந்த அக்கா ஒருவர் உறைந்த ரீல் ஒன்றைக் கையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, இது என்ன, சிங்க இறாலோ?"

"இல்லை அக்கா, அது இஞ்சினியரிங்," என்றார் யூட் அண்ணை.

"கிலோ என்ன விலை?"

குளிரில் தப்பிய ரீல்களுக்கு இரண்டாவது சோதனை பாரம். ரீலைப் பல்கனிக் கம்பியில் இறுக்கிப் பூட்டி, தங்கூசியின் நுனியில் ஐந்து கிலோ புழுங்கலரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு ரீலும் கர்ரென்று சத்தமிட்டுத் தங்கூசியை விட்டுக்கொடுத்தது. பை மிகவும் மரியாதையாகக் கீழ்வீட்டுப் பல்கனிக்கு இறங்கியது. (கீழ்வீட்டு அம்மையார் முதல் பையைப் பார்த்துப் பயந்தார். மூன்றாவது பைக்குக் கையசைத்தார்.) பேர்பெற்ற ரீல், விமர்சனங்களில் புகழப்பட்ட ரீல் எல்லாமே வழுக்கின. எல்லாவற்றுக்கும் சிவப்பு அடையாளம் போட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் அசையவில்லை. இருந்தவற்றிலேயே மலிவானது அதுதான். அரிசிப்பை அந்தரத்தில் பாறைபோல நின்றது. அதைப் பற்றி இணையத்தில் ஒரேயொரு விமர்சனம், ஒரேயொரு நட்சத்திரத்தோடு இருந்தது: "பிரேக் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. வாங்காதீர்கள்." எழுதியவர்மேல் எனக்குப் பரிதாபமே வந்தது. நல்ல பொருள் கையில் கிடைத்தும் அடையாளம் காணத் தெரியாத மனிதர். அதே ரீலில் இன்னொன்றும் வாங்கினேன்.

ஜெர்மனியில் மீன் பிடிப்பதற்கு மீனைத் தவிர எல்லோரிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஏரிகள் நிறைந்த மெக்லென்பேர்க் மாநிலத்தில் தேர்வு எழுதாமலே எடுக்கக்கூடிய குறுகிய கால அனுமதி ஒன்று இருக்கிறது. இருவருக்கும் அதையே எடுத்தேன். (தேர்வுக்குப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.) குளிர் இறங்கி, காற்றில்லாத வெயில் நாளும் வந்தது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், ஐஸ் ஒரு சாண் தடிப்பு இருக்கிறது, நடக்கலாம், கார் மட்டும் ஏற்ற வேண்டாம் என்றார். மருத்துவரும் நன்றாகப் போர்த்திக்கொண்டு போகச் சொன்னார். அம்மா மட்டும் கதவடியில் நின்று, "அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு போறாய். இதே மாதிரித் திருப்பிக் கொண்டு வரோணும்," என்றார்.

ஏரிக்கரையில் அப்பா நின்றுவிட்டார்.

"தண்ணிமேலை நடந்த இராயப்பரே உள்ளை தாண்டு போனவர். நான் ஆர்?"

ஐஸின் தடிப்பு, அது தாங்கும் பாரம், எங்கள் இருவரின் எடை ஆகியவற்றை ஒப்பிட்டு விளக்கினேன். அவர் கேட்கவில்லை. நான் இறங்கிக் குதித்துக்கூடக் காட்டினேன். அப்போது ஏரி சத்தமிட்டது. முதலில் ஆழத்திலிருந்து ஓர் உறுமல். பிறகு, மிகப் பெரிய கம்பியொன்றை யாரோ இழுத்து விட்டதுபோல ஒரு நீண்ட விசில், அக்கரையிலிருந்து எங்கள் காலடிவரை ஓடிவந்து நின்றது. வெயில் பட்டு ஐஸ் விரிவதால் வரும் சத்தம் அது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் குதிப்பதை நிறுத்தினேன்.

அப்பா சிலுவை அடையாளம் போட்டார். இனிக் காருக்குத்தான் திரும்புவார் என்று நினைத்தேன். "கூப்பிடுற மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு ஐஸில் காலை வைத்தார்.

முந்தின நாட்களின் காற்று பனித்தூள் முழுவதையும் அடித்துக்கொண்டு போயிருந்ததால் ஐஸ் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. அதற்குள் காற்றுக் குமிழிகள், அடுக்கி வைத்த வெள்ளிக் காசுகள்போல் உறைந்து நின்றன. அப்பா குனிந்து அவற்றைப் பார்த்துப் பார்த்து, தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவர்போல நடந்தார். கரையிலிருந்து நல்ல தூரம் போய் ஓட்டை போட்டு, ஒரு தடியை மட்டும் இறக்கினோம். கவிழ்த்த வாளியில் இருந்தோம். பின்லாந்துக் கிழவர்களைப் போலவே ஒன்றும் பேசவில்லை. ஒன்றும் கடிக்கவுமில்லை. கை விறைக்கிறது என்று அப்பா தடியை வாளியின் விளிம்பில் சாத்தி வைத்தார்.

தடி ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு தடி இல்லை.

(தெரியாதவர்களுக்கு: தூண்டில் ரீலில் பிரேக் இருப்பதே வழுக்குவதற்காகத்தான். பெரிய மீன் இழுத்தால் அது தங்கூசியை விட்டுக்கொடுத்து மீனைக் களைக்க வைக்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் தங்கூசி அறும், அல்லது மீன் தடியையும் கூட்டிக்கொண்டு போகும். நான் சோதித்த ரீல்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே நல்லவை. அந்தப் பழுதான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இலையுதிர்காலம் எடுத்தது.)

அப்பா ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உன்ரை பிரேக் நல்லா வேலை செய்யுது."

இரண்டாவது தடியை எடுக்கக் காருக்குப் போனேன். தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்து, மறந்துபோகுமுன் நடந்ததைக் குறித்தும் வைத்துக்கொண்டு (தொழில் பழக்கம்) கரைக்குத் திரும்பியபோது, அப்பா குப்புறக் கிடந்தார். குளிரங்கி தலைக்கு மேலால் போயிருந்தது. கைகள் இரண்டும் தெரியவில்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். அசைவில்லை.

ஐஸில் ஒருவர் விழுந்தால் செய்ய வேண்டியவற்றை நான் மனப்பாடம் செய்திருந்தேன். முதலாவது: கிட்ட ஓடாதே. இரண்டாவது: உதவிக்கு அழை. ஒரு காரைத் தாங்காவிட்டாலும் ஒரு மகளைத் தாராளமாகத் தாங்கும் ஐஸ் அது. இருந்தும் நான் கரையிலேயே நின்று அழைத்தேன். வயது, ஸ்டென்ட் வைத்த காலம், குடிக்கும் மருந்துகள், ஏரிக்கு வரும் பாதை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. மூச்சு விடுகிறாரா என்று கேட்டார்கள். இன்னும் கிட்டப் போகவில்லை என்றேன்.

போய்ப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது விதி: எடையைப் பரப்பு, தவழ்ந்து போ. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தவழ்ந்தேன். வயிறு ஐஸில் உரச, கண்ணீர் மூக்கு நுனியில் விறைக்க, அம்மாவுக்கு என்ன சொல்வதென்று ஒரு பட்டியல் போடப் பார்த்தேன். அதில் முதல் வரியே வரவில்லை. கடைசியில் அப்பாவின் சப்பாத்து கைக்கு எட்டியது. பிடித்து உலுப்பினேன்.

"ஆர்? நீயோ? சத்தம் போடாதை," என்றது குளிரங்கி. "படுத்துப் பார்."

திட்டுவதற்குத்தான் அங்கிக்குள் தலையை நுழைத்தேன். திட்டு வரவில்லை.

அங்கி வெளிச்சத்தை மறைத்திருந்தது. ஓட்டைக்குள்ளே, ஐஸ் வழியாக இறங்கிய வெயிலில் ஏரியின் அடி முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. மாதா கோவிலின் நிறக் கண்ணாடிக்கு மறுபக்கத்தில் நாங்கள் இருந்ததுபோல. நடுக்குளிர்காலத்தில் பாசி இலைவிட்டு நின்றது. புலிக்கோடு போட்ட சிறு மீன்கள் ஒரே பக்கம் பார்த்தபடி அந்தரத்தில் நின்றன. மணலில் எங்கள் தடி. அதன் பக்கத்தில், தடியைவிட நீளமாக, ஹெக்ட் என்கிற பெரிய வேட்டை மீன் ஒன்று, தாடையோரம் தங்கூசியோடு, அவசரமே இல்லாமல் செட்டையை அசைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்திருக்கவே தலையை ஒரு தரம் உதறியது. கொக்கி கழன்றது. அது பச்சைக்குள் கரைந்தது.

"இவ்வளவு குளிருக்குள்ளையும் எல்லாம் உயிரோடை இருக்குது, பாரன்," என்றார் அப்பா. அவருடைய மூச்சு என் கன்னத்தில் சூடாகப் பட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ தெரியாது. என் பைக்குள் தொலைபேசி இன்னும் இணைப்பிலிருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

ஆகவே தீயணைப்புப் படை வந்தபோது கண்டது, ஒரே அங்கிக்குள் தலைகளை வைத்து அசையாமல் குப்புறக் கிடந்த இரண்டு பேரை. படையின் தலைவர், செம்மஞ்சள் நிற மீட்பு உடையில், சறுக்குப் பலகையில் படுத்தபடி எங்களிடம் வந்து சேர்ந்தார். உங்களில் யார் நோயாளி என்பது அவருடைய முதல் கேள்வி. நான் பதில் தேடுவதற்குள் அப்பா அங்கியை உயர்த்தி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "வாருங்கள், மெதுவாக," என்றார். தலைவர் கடமை தவறாத மனிதர். நோயாளி சொன்னபடி தலையை நுழைத்தார். பிறகு வெளியே எடுக்கவில்லை. மூன்றாவது ஆளும் விழுந்துவிட்டார் என்று கரையில் நின்றவர்கள் அடுத்த சறுக்குப் பலகையைத் தள்ளினார்கள்.

கடைசியில் அவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பார்த்துவிட்டு எழுந்த ஒவ்வொருவரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒருவர் நீண்ட கொக்கித் தடியால் எங்கள் தூண்டிலை மீட்டுத் தந்தார். நான் எத்தனை விதமாக மன்னிப்புக் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அழைத்தது சரி என்றார். தவழ்ந்தது மிகவும் சரி, இவ்வளவு ஒழுங்காகத் தவழ்ந்த ஒருவரைத் தான் பார்த்ததேயில்லை என்றார். (இதைவிடத் திட்டியிருக்கலாம்.) பிறகு அப்பாவிடம் திரும்பினார். ஐஸ் மீட்புப் பயிற்சிக்கு, விழுந்தவர்போல அசையாமல் கிடக்க ஓர் ஆள் எப்போதும் கிடைப்பதில்லையாம், தன்னுடைய படைப் பையன்களுக்குப் பொறுமை இல்லையாம். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அப்பா "ஓம்" என்றுவிட்டார்.

அம்மாவுக்கு அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா ஊருக்கே சொன்னார். தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அது இன்னும் சொல்லப்படுகிறது: "தேப்பனைச் சாகடிச்சு, வண்டி பிடிச்சு, உயிர்ப்பிச்சுக் கொண்டு வந்தவள்." உயிர்த்த ஞாயிறன்று தவறாமல் சொல்லப்படும்.

இப்போதைய நிலை இது. இந்த வருடம் ஏரி இன்னும் உறையவில்லை. பயிற்சிக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று அப்பா காத்திருக்கிறார். தொலைபேசி காட்டும் வெப்பநிலையை அவர் நம்புவதில்லை. அதனால் தினமும் காலையில் தானே வெளியே போய்க் குளிரைப் பார்த்துவிட்டு வருகிறார். இன்றும் போனார். போய் வெகுநேரமாகிறது. நான் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை.