புரிகிறவர்களுக்குப் புரியும்

"நல்ல பாட்டாக நாலைந்து சொல்லேன்" என்று யாராவது கேட்டால், கேட்டவருக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பவர்கள் ஒரு ரகம். கேட்டவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கவேண்டும் என்று யோசிப்பவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தில் முதல் தரம். (மிளகாய் வியாபாரி மகன், தரம் பிரிக்காமல் பேச வராது.) அந்தக் குணத்தால் என் அக்காவின் கல்யாணத்தையே ஒரு காலைப்பொழுதில் கவிழ்க்கப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

திருவனந்தபுரத்தில், சாலைக் கம்போளத்தில் அப்பாவுக்கு மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். வீடு பக்கத்திலேயே ஆரியசாலையில். கீழே சரக்கு அடுக்கும் கிட்டங்கி, மேலே நாங்கள். பூர்வீகம் நாஞ்சில் நாடு. நான் அப்போது கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அங்கே யாரோ காதில் மாட்டிவிட்ட எமோ பாட்டு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் பங்க், அப்புறம் இண்டி. தொண்டை கிழியக் கத்துகிறவர்கள், கிடாரோடு முணுமுணுக்கிறவர்கள், ஊரை வெறுக்கிறவர்கள், ஊரால் வெறுக்கப்பட்டவர்கள், எல்லாரும் என் உறவுக்காரர்கள் ஆனார்கள்.

முடியை வளர்த்து ஒரு கண்ணை மறைத்தேன். அப்பா கடையில் சத்தம் போடுவார்: "முடிய ஒதுக்குடே! ஒத்தக் கண்ணால பாத்தா தராசு எப்பிடித் தெரியும்?" கறுப்புச் சட்டை மட்டுமே போட்டேன். அம்மா நான் சபரிமலைக்கு மாலை போடப்போவதாக நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் மீன் வைப்பதை நிறுத்திவிட்டாள். எதிர்க்கடை மலையாளி அண்ணன் தினமும் "சாமீ, எப்பழா மலைக்கு?" என்று விசாரித்தார். நான் அவர்களை எல்லாம் இரக்கத்தோடு பார்த்தேன். என் சோகம் இந்தத் தெருவுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல், எனக்குச் சோகமே கிடையாது. பாடுகிறவன் தன் உயிரைப் பிய்த்து வெளியே எறிகிற நேரத்தில் நான் பெரும்பாலும் முந்திரிக்கொத்து தின்றுகொண்டிருப்பேன்.

அக்கா பகவதிக்கு அப்போது நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் குமரேசன், பெங்களூரில் வேலை. அதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் "ஒங்க இஷ்டம்" என்று சொன்ன அக்கா, இவருடைய பேச்சு வந்தபோது மட்டும் பதில் சொல்லாமல் சிரித்தாள். போன் பேச மொட்டைமாடிக்குப் போனால் காயப்போட்ட மிளகாய்க்கு நடுவிலேயே நடந்துகொண்டிருப்பாள். மழை வந்தால்கூட அவளுக்குத் தெரியாது. (ஒரு தடவை வந்தது. அப்பாவுக்கு ரெண்டு மூட்டை நஷ்டம்.)

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் "வேண்டாம்" என்பதை வேண்டாம் என்று சொல்லமாட்டோம். அப்பாவுக்கு மிளகாய் பிடிக்கவில்லை என்றால், "நல்ல சரக்குதான், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பார். வந்தவர் புரிந்துகொண்டு சாம்பிளைச் சுருட்டிக்கொள்வார். கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் பெரியவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பெண்ணின் தம்பியோ அண்ணனோ ஏதாவது ஒரு ஜாடை காட்டிவிட்டு வருவான். என் பெரியத்தைக்கு வந்த ஒரு வரனை, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்துவிட்ட பலாப்பழத்தை அறுக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோய் வைத்து முறித்தார்கள். கொண்டுபோய் வைத்தது அப்பாதான். இரண்டு பக்கமும் ஒரு சொல் பேசவில்லை, யாருக்கும் மனக்கசப்பும் இல்லை.

நிச்சயதாம்பூலத்துக்கு ஒரு வாரம் முன்பு குமரேசன் அத்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்: "மச்சான், நீ எமோ, பங்க், இண்டி எல்லாம் கேப்பியாமே, பகவதி சொன்னா. ஒனக்குப் பிடிச்சத கொஞ்சம் சேத்து ஒரு ப்ளேலிஸ்ட் அனுப்பேன். நானும் அவளும் கார்ல போகும்போது கேக்கலாம்."

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஆபீசுக்கு லீவு போட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சில்லறையாகக் கொடுத்துப் பழக்கமில்லை. அவர் கேட்டது ஒரு கைப்பிடி, நான் கட்டியது ஒரு லோடு. முதலில் மிதமான துக்கம், பிறகு துரோகம், பிறகு பிரிவு, கடைசியில் ஊருக்குத் தீ வைப்பது என்று காரம் ஏற ஏற அடுக்கினேன். இன்னார் இன்னாரோடு காரில் சந்தோஷமாகப் போகும்போது கேட்பதற்கு என்ற விஷயம் எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. இந்த மனிதர் என் ரசனையைப் பார்த்து மூச்சடைத்துப் போகவேண்டும், அவ்வளவுதான். முடித்துவிட்டு, ப்ளேலிஸ்டின் மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்:

"அக்காவுக்கும் அத்தானுக்கும். கவனமாகக் கேளுங்கள். புரிகிறவர்களுக்குப் புரியும்."

எழுதிவிட்டு அதைப் பல தடவை வாசித்து ரசித்தேன். (அந்த விரல்களை உரலில் விட்டு இடித்திருக்கவேண்டும்.)

அத்தானுக்கு வேலை நெருக்கடி. பாட்டுகளைக் கேட்க நேரமில்லை. நிச்சயத்தன்று காலை தன் அம்மாவையும் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டார். பாலராமபுரத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுபோக, வண்டிகள் அசையவில்லை. பின்சீட்டில் அவருடைய அம்மா, "சும்மா இருக்கதுக்கு ஒரு பாட்டு போடேன் மக்கா" என்றிருக்கிறார். அத்தான் என் லோடை அவிழ்த்தார்.

அவருடைய அப்பா தாணுலிங்கம் மாமா, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொல்லியே தலை நரைத்தவர். அத்தை, அதாவது அத்தானின் அம்மா, ஆங்கிலம் அறியாதவர். அடுத்து நடந்ததை அத்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"என்னவாம் அவனுக்கு? இந்தக் கத்து கத்துகான்?" என்று அத்தை கேட்டார்.

மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ இன்னொருத்தன் காருல உக்காந்து அழுதுட்டு இருக்கே, ஆனா ஒன் மனசு என்கிட்டதான் கெடக்குங்கான்."

"யாரு காருல?"

"அது சொல்லல."

அடுத்த பாட்டு. "அவங்க பாத்துக் குடுத்த வீட்ல நீ சிரிக்கப் படிச்சுக்குவே, நான் வாசல்ல நிப்பேன்."

"யாத்தே! வாசல்லயா!"

அத்தான் பதறி நிறுத்தப் போயிருக்கிறார். மாமா கையைத் தடுத்து, "நிறுத்தாத. சாட்சியம்னா முழுசாக் கேக்கணும்" என்றாராம். லாரியும் நகரவில்லை. மோதிரத்தைச் சாக்கடையில் எறிகிற பாட்டு, கல்யாண நாளில் ரயிலேறிப் போகிற பாட்டு எல்லாம் வரிசையாக வந்தன. "இத யாரு அனுப்புனா?" என்று அத்தை கேட்டார். "பகவதியோட தம்பி" என்றார் அத்தான். மாமா போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என் குறிப்பை வாய்விட்டு வாசித்தார்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றாராம் மாமா.

ஆரியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது எனக்கு இது எதுவும் தெரியாது. பாட்டு எப்படி இருந்தது என்று அத்தான் கேட்கப்போகிறார் என்று முடியைச் சரிசெய்துகொண்டு (அதாவது கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு) முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை. தாம்பாளங்களைக் காரிலிருந்து இறக்கவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்தாள். மாமா, "தண்ணி மட்டும் போரும்" என்றார். அப்பாவின் முகம் கறுத்தது. காப்பி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"ஒரு வார்த்தை தனியாப் பேசணும்" என்றார் மாமா.

மேலே எல்லா அறையிலும் சொந்தக்காரர்கள். தனியாக என்றால் கிட்டங்கிதான். அப்பா, மாமா, அத்தான் மூவரும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் "எடே சுந்தரம்!" என்று அப்பாவின் குரல் கேட்டது. அந்தக் குரலில் என்னை அதற்குமுன் யாரும் கூப்பிட்டதில்லை.

மாமா மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "தம்பி, பயப்படாண்டாம். நீங்க ஜாடை காட்டுனது மரியாதையான காரியம். நாங்க வருத்தப்படல. இருந்தாலும் ஒரு தடவை வாயால கேட்டுக்கிடுதேன். ஒங்க அக்கா மனசுல இருக்கது ஆரு?"

"மாமா?"

"வாசல்ல நிக்கான்னு பாட்டுல வருதே, அவன்."

ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலைவரை வியர்த்தது. "அய்யோ மாமா, அது எமோ!"

"எமோவா? எந்த ஊரு பையன்?"

"ஆள் இல்ல மாமா, அது ஒரு வகைப் பாட்டு. மனசுல சங்கடம் உள்ளவங்க கேக்கது. நான் கேக்கது. அத்தான் எனக்குப் பிடிச்சதக் கேட்டாரு, அதான்..."

மாமா தும்மினார். மிளகாய் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. தும்மல் முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்ப ஒங்களுக்கு என்ன சங்கடம் தம்பி?"

"சொல்லுடே, நாங்களும் அறியாண்டாமா?" என்றார் அப்பா. அவருக்கும் கண்ணில் தண்ணீர். மிளகாயா, என்னை நினைத்தா, தெரியவில்லை.

நான் யோசித்தேன். மனதின் மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். கறுப்புச் சட்டையும் ஒற்றைக் கண்ணுமாக நின்று, அக்காவின் வாழ்க்கையைக் காப்பாற்ற ஒரே ஒரு துக்கத்தைத் தேடினேன். புது பைக் வாங்கித்தரவில்லை என்பது மட்டும்தான் அகப்பட்டது.

"ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது படியில் கொலுசுச் சத்தம். அக்கா இறங்கி வந்து நின்றாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ. மை கலைந்திருந்தது. மேலே நின்று முழுவதும் கேட்டிருக்கிறாள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் கேக்கதுக்குன்னுதானடே அவங்க கேட்டாங்க? அத்தனை பாட்டுல ஒரு பாட்டாவது என்னய நெனச்சுப் போட்டியா?"

போடவில்லை. அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவள், குளிக்கும்போதெல்லாம் பாடுகிறவள். நான் அந்த நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு யாரோ ஒருவனுடைய அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மாமாவின் கேள்விக்கு வியர்த்தது வெறும் பயம், இதுதான் வெட்கம். தரையில் சிதறிக் கிடந்த மிளகாய் விதைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மாமாவிடம் திரும்பினாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியத்தைச் செய்தாள். "மாமா, எனக்கு இவங்களத்தான் பிடிச்சிருக்கு. வேற ஆரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தொடர்ச்சியாகத் தும்மினாள். அத்தான் தன் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினார்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷ சர்வீஸ்ல," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவ்வளவு தெளிவா ஒரு சாட்சியும் சொன்னதில்ல. இத மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்ல." பிறகு அப்பாவிடம் திரும்பி, "அண்ணாச்சி, காப்பி இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா படியேறிய வேகத்தில் வேட்டி தடுக்கியது. தாம்பாளங்கள் இறங்கின. மறுநாள் காலை அப்பாவே என்னை முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போய், வேலை முடியும்வரை பக்கத்தில் நின்றார். உலகம் இரண்டு கண்ணாலும் தெரிந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் காரிலும் எனக்கு முன்சீட்டு கிடையாது. பாட்டுப் பெட்டிக்குக் கை எட்டிவிடுமாம். யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், "எந்த ஊரு பையன்?" என்பார்கள். மாமா எப்போது வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று, "உள்ள வரலாமா, இல்ல பாட்டு ஏதும் அனுப்பியிருக்கியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். நானும் சிரித்துவைப்பேன். அக்கா மட்டும் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

சில வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். சுசீந்திரத்தில் இடம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. வழக்கப்படி எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு நல்ல பலாப்பழமாக ஒன்று போயிற்று. நிச்சயத்தன்று காலை கதவைத் திறந்தேன். வாசலில், அறுக்காமல், முழுதாக, ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய தம்பி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், யாரையோ மனதில் வைத்திருக்கிறாள், இனி எல்லாம் முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு உண்மையான சோகம் வந்தபோது, நான் கேட்ட பாட்டில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பாலராமபுரத்து நெரிசலில் அத்தான் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார், படியில் நின்று அக்கா எப்படிக் கேட்டிருப்பாள் என்பதுதான் வந்தது.

அப்புறம்தான் காம்பில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து.

"தம்பிக்கு. புரிகிறவர்களுக்குப் புரியும்."

மேலே மொட்டைமாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா, அத்தான், மாமா, அப்பா எல்லாரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சங்கடம் வந்துச்சா தம்பி?" என்று மாமா மேலிருந்து கேட்டார்.

வந்தது மாமா என்றேன். பழத்தை அன்றைக்கே அறுத்துத் தெரு முழுக்கக் கொடுத்தோம். சுசீந்திரம் போகிற காரில் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, அக்கா தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன்.