கீழ் டிவிஷனின் பதினோராவது ஆள்

வாழ்க சன்னாசி. ரப்பர்ப் பால்வாளிகளைக் காண்டாக் கம்பில் கோத்துச் சுமந்த தழும்பை விழுப்புண்ணாய்த் தோளில் பூண்டவனும், அட்டைப் படைக்கு அசையாத கால்களை உடையவனும், ஏழு மழை நாள்கள் (எட்டு என்பாரும் உளர்) ஆடப்போனவர்களின் சட்டைகளைக் காத்து நின்ற பொறுமைக் கடலுமாகிய அந்த மாவீரன், தோட்டத்தின் கீழ் டிவிஷன் கிரிக்கெட்டுப் படையில் இடம் பெறத் தொடுத்த போரை வரிசை பிசகாமல் சொல்லப் புகுகிறோம். பிசகினால் குற்றம் நமது, பெருமை அவனது.

ஜப்பான்காரன் ஆண்ட இரண்டாம் ஆண்டின் கார்த்திகை அது. துரைமார் விட்டோடிய செல்வங்களுள் தலையாயது ஒரு மட்டை. பந்தோ, மரத்தில் உலர்ந்த ஒட்டுப்பால் இழைகளைச் சுற்றிச் சுற்றித் தோட்டத்தாரே சமைத்தது. ஓய்வுநாள் என்பது அந்த ஆட்சியில் இல்லை. ஆயினும் கித்தா மரத்தின் நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் மங்குக் கிண்ணத்துக்குப் போகாமல் மரமெங்கும் வழியும் என்பதால், பேரரசின் ஆணையும் மழையின்முன் தலைகவிழ்ந்தது. உலகமெல்லாம் மழைக்கு நிற்கும் ஆட்டம், இங்கே மழைக்குத் தொடங்கியது.

அன்று தோக்கியோ நேரம் ஒன்பதேகாலுக்கு, மம்பாவ் திசையிலிருந்து கருமேகப் பெருஞ்சேனை முரசறைந்து வந்திறங்கிற்று. மேல் டிவிஷன் வீரர்கள் வாழையிலைக் குடை கவிழ்த்து மைதானத்தில் அணிவகுத்து நிற்க, புகைக்கொட்டகையின் தாழ்வாரத்தில் கீழ் டிவிஷனின் தளபதி, மடிப்புக் கலையா வெள்ளைக் காற்சட்டைக் கோமான், தோட்டக் கணக்கெழுதும் கிராணி குலசேகரம் பத்துப் பெயர்களை எழுதி முடித்துப் பதினோராவதற்குப் பென்சிலை உயர்த்தினார். அந்தப் பென்சிலின் கூரில் சன்னாசியின் உயிர் ஊசலாடியது. எதிர்நின்றவன் தங்கராஜு, பெட்ரோல் இல்லாமல் படுத்துவிட்ட லாரியின் டிரைவர், தோட்டத்தில் பூட்ஸ் உடைய ஒரே பெருமகன்.

கூடியிருந்த ரசிகர்கள் இரு கடலாய்ப் பிரிந்து மோதினர். தங்கராஜுவின் வீச்சில் பந்து கித்தாக்காட்டைத் தாண்டும் என்றது ஒரு கட்சி. தாண்டிய பந்தை யார் போய்த் தேடுவது என்றது மறு கட்சி. அப்போது சன்னாசியின் மனைவி ராக்கம்மா, சாக்குக் கொங்காணியைத் தலையிலிருந்து இறக்கி முன்வந்தாள்.

"ஏழு மழையா இந்தாளு ஊராஞ்சட்டைக்குக் காவ நிக்கிறாரு, கிராணியாரே. வீட்டுக்கு வந்து எம் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கிறாரு. இன்னிக்காச்சும் எறக்கி விடுங்க."

குலசேகரம் கனிந்தார், ஆனால் குனியவில்லை. "சன்னாசி நல்லவன்தான். பந்து வரேக்க கண்ணை மூடுறானே, பிள்ளை."

"மழத்தண்ணி கண்ணுல அடிச்சா யாருங்கய்யா மூடாம இருப்பா?" என்றான் சன்னாசி. "ஆனா நா வழுக்க மாட்டேன். ரெண்டு வாளிப் பாலோட மேட்டுல எறங்கி வந்து, ஒரு நாளாச்சும் சிந்தியிருக்கனா? கேட்டுப் பாருங்க."

"காண்டா தூக்கவா ஆளெடுக்கிறாங்கண்ணே? இது கிரிக்கெட்டு லா," என்றான் தங்கராஜு.

அந்த ஏளனமே அவனுக்கு வினையாயிற்று. ஈரத்தில் நிற்கத் தெரிந்தவனே ஈரத்தில் ஆடத் தகுந்தவன் என்று தளபதி முழங்கினார். இருவரும் விளிம்பளவு நீர் நிறைந்த இரண்டிரண்டு வாளிகளைக் காண்டாவில் சுமந்து, ஆடுகளத்தைக் குறுக்கே கடந்து மீள வேண்டும். குறைவாய்ச் சிந்தியவனுக்கே இடம்.

முதலில் சென்ற தங்கராஜு ஏழாவது அடியில், வேல் பட்ட களிறு மலைச்சரிவில் உருள்வதுபோல், பூட்ஸ் வானம் நோக்க, வாளிகள் திசைக்கொன்றாய்ப் பறக்க, சேற்றின் மார்பில் சாய்ந்தான். குற்றம் பூட்ஸின்மேல் என்று முறையிட்டு, வெறுங்காலோடு மறுமுறை கேட்டுப் பெற்று, மறுமுறையும் சாய்ந்தான். பின் புறப்பட்டான் சன்னாசி. பத்து விரல்களையும் பத்து வேர்களாய் மண்ணில் ஊன்றி, இடுப்பை மட்டும் அசைத்து, தெப்பத்தில் அமர்ந்த தெய்வம்போல் மிதந்து சென்று மிதந்து மீண்டான். குலசேகரம் குனிந்து பார்த்தார். நீர் குறையவில்லை, மழை சேர்ந்து கூடியிருந்தது.

"வழுக்காதவன் முதலில் இறங்கட்டும்" என்று எழுந்தது அறிவிப்பு. ராக்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையையா வேறெதையாவதா என்று உறுதியாய்ச் சொல்வதற்கில்லை. ஓடும் மேகத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தன் சட்டையைக் கழற்றித் தங்கராஜுவின் கையில் கொடுத்து, பகைவர் நடுங்க, தவளைகள் வாழ்த்தொலி எழுப்ப, மட்டையை ஏந்திக் களம் புகுந்தான் சன்னாசி. எதிர்முனையில், மேல் டிவிஷனின் இடியேறு, பந்தெறி வேந்தன் ஆறுமுகம், கால் வைத்த இடமெல்லாம் குளம் தெறிக்க ஊழிக்காற்றென ஓடிவந்தான், கை உயர்ந்தது, ஈரேழு உலகும் மூச்சடக்கின, மண்டோர் முனியாண்டி, வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டினார்.

மழை விட்டதால் ஆட்டம் நின்றது.