பெறவு அண்ணனும் மூன்று வேளைச் சாப்பாடும்

முதலாளி இருந்தார், கல்லாப்பெட்டிக்குப் பின்னால். காதர் பாய் இருந்தார், வேன்காரர். துபாயில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய், சமையல்காரராகி, ஊர் திரும்பியவர். வேலம்மா மதினி இருந்தார், மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டு. நான் இருந்தேன், தராசுக்குப் பக்கத்தில். மதினியின் வீட்டுக்காரர் பெறவு அண்ணன் இருந்தார், நான் எடை போட்ட சாக்குகளைத் தைத்துக்கொண்டு. பாளையம்பட்டி மிளகாய் மண்டியில் அன்று இவ்வளவு பேர்தான். ஒரு சண்டைக்கு இது போதும்.

பூமியில் கஞ்சர்கள் நிறைய உண்டு. பெறவு அண்ணன் கஞ்சர் இல்லை. காசு கொடுப்பார். குறைக்காமல் கொடுப்பார். ஆனால் முன்னாடி கொடுக்க மாட்டார். முன்பணம் என்ற ஒன்றை ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான். எதுவும் முடியட்டும், பெறவு தாரேன் என்பார். பிறகு என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எந்நேரமும் அதையே சொன்னதால் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். நான் பார்த்ததில்லை.

டவுன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க மாட்டார். இறங்கும்போது எடுப்பார். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் நடக்காத பயணத்துக்கு எதற்குக் காசு என்று கேட்பார். கண்டக்டர்கள் கத்திப் பார்த்தார்கள். ஒருநாள் பந்தல்குடிக்கு முன்னால் டயர் வெடித்து வண்டி நிஜமாகவே நின்றுவிட்டது. எல்லோரும் வெயிலில் இறங்கிப் புலம்பினார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தார். அன்றிலிருந்து அந்த வழித்தடத்துக் கண்டக்டர்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்சூரன்ஸ்காரர் ஒருவர் மண்டிக்கு வந்து அரை மணி நேரம் விளக்கினார். அண்ணன் கடைசி வரை கேட்டார். செத்தால்தானே பணம் தருவீர்கள், சரி, நான் செத்த பெறவு பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். வந்தவர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சினிமாக் கொட்டகையிலும் அப்படித்தான். படம் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் தருகிறேன் என்றார். உள்ளே விடவில்லை. வெளியே சுவரோரம் நின்று வசனம் முழுவதையும் கேட்டுவிட்டு வந்தார். படம் சரியில்லை, காசு தப்பித்தது என்றார்.

செல்போன் விஷயம்தான் பெரியது. முதலில் காசு கட்டினால்தான் பேசலாம் என்று கடைக்காரன் சொன்னான். பேசாத பேச்சுக்குக் காசா என்று இவர் வந்துவிட்டார். ஆனாலும் போன் நிற்கவில்லை. மாதாமாதம் மதினி கடைக்குப் போய் ரகசியமாகப் பணம் கட்டிவிட்டு வருவார். அண்ணனுக்கு அது தெரியாது. தன் நாணயத்தை நம்பிக் கம்பெனிக்காரன் விட்டு வைத்திருக்கிறான் என்றே ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சண்டைக்கு வருகிறேன். முதலாளி வருஷா வருஷம் எங்களுக்குத் துணி எடுத்துத் தருவார். இந்த வருஷம் துணி வேண்டாம், கொடைக்கானல் போய் இரண்டு ராத்திரி தங்கி வருவோம் என்றார். வேனும் ரூமும் அவர் செலவு. சாப்பாடு அவரவர் செலவு. எங்கள் வீட்டில் ஆடு குட்டி போடும் நேரம். அதனால் வீட்டில் யாரும் வரவில்லை, நான் தனியாள்.

முதலாளி ஓட்டலுக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண். ஏ.பி.யா சார், மேப்பா சார் என்று கேட்டது. முதலாளி முழித்தார். அண்ணன் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்து வந்தார்.

"மேப்பெல்லாம் வேண்டாந் தாயி. காதருக்கு மலைப்பாதை அத்துப்படி."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, மேப் இல்லாமல் ரூம் மட்டும் போதுமா என்று கேட்டது.

"ரூமுக்குப் போகவும் மேப்பா? எம்புட்டுப் பெரிய ஓட்டலும்மா அது?"

காதர் பாய் போனைப் பிடுங்கி, திரும்பக் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டார். அப்புறம் எங்களுக்கு விளக்கினார். அது வழி காட்டும் படம் இல்லையாம். சாப்பாட்டுக் கணக்காம். ஏ.பி. என்றால் மூன்று வேளைக்கும் போன உடனே மொத்தமாகக் கட்டுவது. மேப் என்றால் இரண்டு வேளை. காலை மட்டும் என்றால் அதற்கு ஒரு பெயர். எதுவும் கட்டாமல், அப்போதைக்கப்போது தின்றுவிட்டுக் கொடுப்பதற்கு ஒரு பெயர்.

"அந்தக் கடேசி," என்றார் அண்ணன்.

மொத்தமாகக் கட்டினால் சல்லிசு என்று காதர் பாய் எடுத்துச் சொன்னார். அண்ணன் அடுக்கினார். வகுறு சரியில்லாமல் போனால்? மழையில் வேன் மலையிலேயே நின்றுவிட்டால்? ஓட்டல்காரன் ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிவிட்டுப் போய்விட்டால்? மலை உச்சியில் அவனை எங்கே போய்த் தேட?

அப்போது மதினி வாயைத் திறந்தார். அவர் அதிகம் பேச மாட்டார்.

"கல்யாணம் முடிச்ச நாள்லருந்து எனக்கு ஒருத்தரும் சோறு போட்டதில்ல. நாந்தான் போட்டிருக்கேன். இந்தத் தடவ உக்காந்து திங்கணும். அம்புட்டுத்தான் என் ஆசை."

"திங்க வேண்டாம்னா சொன்னேன்? தின்னு. பெறவு கட்டுவோம்."

மதினி மிளகாய்க்குத் திரும்பினார். காம்பு கிள்ளும் வேகம் கூடியது. பார்த்தேன். காம்போடு பாதி மிளகாயும் போய்க்கொண்டிருந்தது. முதலாளியும் பார்த்தார். 

கொடைக்கானலில் இறங்கியதும் முதலாளி வீட்டாரும் காதர் பாயும் மூன்று வேளைக்கும் கட்டினார்கள். நான் காலைக்கு மட்டும். மற்ற நேரம் வெளியே பரோட்டாக் கடை இருந்தது. அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மதியம் பரோட்டாவை முடித்துவிட்டு நானும் அவர்களோடு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தேன். முன்னாடியே கட்டாதவர்களுக்கு மட்டும் பளபளவென்று விலை அட்டை கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் அதை எடுத்தார். மண்டியில் ஏலம் கூறுகிற குரல் அவருக்கு. அதே குரலில் ஒவ்வொன்றாகப் படித்தார். தோசை இவ்வளவு. தயிர்சாதம் இவ்வளவு. அப்பளம் தனியாக இவ்வளவு. பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். படித்து முடித்துவிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று மதினியைக் கேட்டார்.

மதினி, வேனில் வந்தது ஒரு மாதிரியாக இருக்கிறது, டீ போதும் என்றார்.

ராத்திரியும் அட்டை வந்தது. ராத்திரியும் படித்தார். மதினி, மதியம் குடித்த டீயே நெஞ்சில் நிற்கிறது என்றார். அண்ணனுக்கு வெற்றி. காதர் பாயிடம் திரும்பினார்.

"பாத்தீரா பாய்? கட்டியிருந்தா அம்புட்டும் தண்டம். மலைக்காத்துக்குப் பசிக்காது ஓய்."

காதர் பாய் கோழிக்காலைக் கடித்தபடி தலையாட்டினார். முதலாளிக்கு வேறு வியாதி. கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று கண்ணில் பட்டதையெல்லாம் தின்றார். பிடிக்காத கேக்கைக்கூட விடவில்லை. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். ஏரி பார்க்க வந்தவர் ஏரியைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

காலையில் சாப்பிடக் கூப்பிடலாம் என்று அண்ணன் ரூமுக்குப் போனேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தட்டியதும் திறந்துகொண்டது. மதினி கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சேவுப் பொட்டலம். பாதிக்கு மேல் காலி. சத்தம் வராமல் மென்றுகொண்டிருந்தார். காரச்சேவைச் சத்தம் வராமல் மெல்வது லேசான காரியம் இல்லை.

அதே நேரம் அண்ணன் பல் விளக்கிவிட்டு வெளியே வந்தார். பார்த்தார்.

"பசிக்கலன்னயே."

மதினி வாயில் இருந்ததை விழுங்கினார். பொட்டலத்தை மடித்தார்.

"நீங்க வெலயப் படிச்சீக. எனக்கு வகுறு நெறஞ்சு போச்சு."

அண்ணன் நின்றார். நான் போய்விடலாமா என்று பார்த்தேன்.  அவர் சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார், என்னைத் தாண்டி நடந்தார். நான் பின்னால் போனேன்.

வாசல் மேசையில் டை கட்டிய ஒரு பையன் இருந்தான். அண்ணன் இடுப்பு மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, மிச்சமிருக்க அம்புட்டு வேளைக்கும் இப்பவே புடி."

மூன்று வேளைச் சாப்பாட்டுப் பிளான் எடுப்பதென்றால் நேற்றே எடுத்திருக்க வேண்டும் என்றான் அவன். பரவாயில்லை சார், போய் நல்லா சாப்பிடுங்க, அப்புறமா கட்டிக்கலாம் என்றான்.

அண்ணன் வாழ்நாள் முழுவதும் யார் யாரிடமோ கேட்ட வரம் அது. ஒருத்தனும் கொடுத்ததில்லை. இப்போது ஒருவன் சிரித்த முகத்தோடு கொடுக்கிறான்.

"அப்புறம் கிப்புறம் கெடயாது. மொதல்ல காசப் புடி."

"சாப்பிடாம எப்படி சார் வாங்குறது?"

"ஏன் வாங்க மாட்ட? ஊரு ஒலகமே அப்படித்தான வாங்குது?"

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணன் மேசையில் குனிந்தார். ஏலக்குரல் இல்லை இப்போது.

"அட்ட வரக் கூடாது தம்பி. அவளுக்கு வெல தெரியக் கூடாது."

அதற்குள் காதர் பாய் வந்துவிட்டார். ஓட்டல்காரர்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. மேனேஜரைக் கூப்பிட்டு அந்தப் பேச்சில் ஏதோ பேசினார். மேனேஜர் சரி என்றார். பணத்தை எடுத்துக்கொண்டார்கள். ரசீது அடித்து வருவதற்குள் அண்ணன் மதினியைக் கூப்பிடப் போய்விட்டார். ரசீதை நான்தான் வாங்கினேன். ஊர் திரும்பிய பிறகு அண்ணன் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். டவுன் பஸ்ஸில் இன்றைக்கும் அதே சண்டைதான். நேற்றுக்கூட நடந்தது.

சாப்பாட்டு அறையில் ஒரு சிக்கல். காலையில் அங்கே யாரும் பரிமாற மாட்டார்கள். நீள மேசையில் எல்லாம் வைத்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மதினி தட்டோடு நின்றார்.

"இங்கயும் நாமதான் எடுக்கணுமா?"

இங்கே வழக்கம் அதுதான் என்றார் காதர் பாய். மதினி மேசையை நோக்கி ஒரு எட்டு வைத்தார். அண்ணன் அவர் கையிலிருந்து தட்டை வாங்கினார்.

"நீ போயி உக்காரு."

வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடக் கைக்கு எதிர்பார்க்கிற மனிதர். முதலில் இட்லி வைத்துக்கொண்டு வந்தார், சட்னி இல்லாமல். சட்னிக்குத் திரும்பிப் போனார். சாம்பாரைக் கேசரி மேல் ஊற்றிவிட்டார். அதை யாரும் பார்க்கும் முன் வேறு தட்டில் வேறு கேசரி கொண்டு வந்தார். பின்னால் வரிசை நின்றது. கவலைப்படவில்லை. தோசை சுடும் ஆளிடம், இன்னும் கொஞ்சம் முறுகலாக என்று சொல்லிவிட்டுக் காத்து நின்றார்.

மதினி போதும் என்றார். அந்தப் போதும் என்ற குரல் போதாத குரல். அண்ணன் மறுபடி எழுந்தார். ஒரே ஒரு தடவை மதினி, இந்த வடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.

"அது நமக்கு எதுக்கு?" என்றார் அண்ணன்.

இரண்டு பேருக்குக் கட்டியிருந்தார். தனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. உட்காருவார், தட்டைப் பார்ப்பார், எழுந்து போவார். மதினி கடைசி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எடை போடுகிறவன் புத்தி, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து போய் வந்தது பதினான்கு தடவை.