கால் படாத கோர்ட்

டென்னிஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வருடத்துக்கு வரும்போது மட்டும் எழுந்து நின்று எழுதுவதுதான் மரியாதை. நாடுகளுக்கிடையிலான மகளிர் அணிப் போட்டியில், ஒரு தேசம் தன் புல்லை எப்படிக் கட்டிக் காக்கும் என்பதை உலகம் அந்த சீசனில்தான் பார்த்தது.

காத்தவர் புல்லுக்காரர். டென்னிஸ் சம்மேளனத்தின் ஏட்டில் அவர் ‘முதுநிலை ஆடுதளப் பராமரிப்பு அலுவலர்’. செயலாளர் முதல் வாசல் காவலாளி வரை கூப்பிடுவது என்னவோ புல்லுக்காரர் என்றுதான். பதினொரு வருடமாக ஒரே ஒரு கோர்ட்டை வளர்த்து வந்தார். ஒரு புல் எட்டு மில்லிமீட்டரைத் தாண்டித் தலையெடுத்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவருடைய ஒரே மகள் தேசிய அணியின் ஆட்டக்காரி. “மகளா, புல்லா, எது உங்களுக்குச் செல்லம்?” என்று மனைவி கேட்பதுண்டு. அவர் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த சீசனில் நம் பெண்கள் முதல் சுற்றை வெளிநாட்டில் ஜெயித்தார்கள். இரண்டாவதையும் வெளிநாட்டிலேயே ஜெயித்தார்கள். விருந்தாளி அணிக்குப் போட்டிக்கு முன் நான்கு நாள் கோர்ட்டைத் திறந்துவிட வேண்டும் என்பது போட்டி விதி. நம் பெண்கள் அங்கே காலையும் மாலையும் ஆடிப் பழகினார்கள், ஜெயித்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். மூன்றாவது சுற்று சொந்த மண்ணில். ஜெயித்தால் உலகின் முதல் எட்டு நாடுகளில் ஒன்று.

‘சர்வதேசத் தரம் பேணும் குழு’ மூன்று மணி நேரம் கூடியது.

“போட்டி வரைக்கும் கோர்ட்ல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது” என்றார் செயலாளர்.

“நம்ம பொண்ணுங்க எங்க சார் பழகறது?” புல்லுக்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“வண்டி நிறுத்தற இடத்துக்குப் பின்னால தரை இருக்குல்ல?”

“அது சிமெண்ட் சார். இது புல்லு.”

“பந்து ஒண்ணுதானே?”

இந்தத் தர்க்கத்தைக் குழு மெச்சியதில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருந்த ஒரே சாவி புல்லுக்காரரின் இடுப்புக்கு வந்தது. தடைச் சுற்றறிக்கையில் அவரே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை மகள் மட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“ஒரு மணி நேரம்ப்பா. மரத்தடி மூலையில பந்து எப்படி வருதுன்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்.”

“அங்க ஈரம் காயாதும்மா. பந்து எழும்பாது. நல்லா குனிஞ்சு ஆடு.”

“சொன்னா எனக்குத் தெரியும். என் காலுக்கு எப்படித் தெரியும்?”

அவர் கை சாவி வரைக்கும் போயிற்று. “கையெழுத்துப் போட்டிருக்கேன்டா” என்றார். அவள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரைக்குப் போனாள். போட்டிக்கு இருந்த நான்கு வாரமும் அங்கேதான் ஆடினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். செயலாளர் பூங்கொத்து நீட்ட, புல்லுக்காரர் கேட்டைத் திறந்தார். நான்கு நாள் ஓடினார்கள், சறுக்கினார்கள், மரத்தடி மூலையையும் விட்டுவைக்கவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று நம் பெண்கள் பார்ப்பது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று சம்மேளனம் வேலி முழுக்கப் பச்சைத் துணி கட்டியது.

போட்டியில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது ஆட்டம் மகளுடையது. கடைசி செட் வரைக்கும் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பந்தை எதிராளி யோசிக்காமல் மரத்தடி மூலைக்கு அனுப்பினாள். மகள் ஓடினாள், குனிந்தாள். அவள் குனிந்தது சிமெண்டுக்கான குனிவு. பந்து மட்டைக்குக் கீழே நழுவிப் போயிற்று. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்த புல்லுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

விசாரணை அறிக்கை ஒரே வாரத்தில் வந்தது. தோல்விக்குக் காரணம், ‘ஆட்டக்காரிகள் சொந்த ஆடுதளத்தைப் பழகிக்கொள்ளத் தவறிய அலட்சியம்’. மகளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தில், போட்டிக்கு முன் நம் அணியின் கால் ஒன்றுகூடப் படாமல் ஆடுதளத்தைக் காத்த புல்லுக்காரருக்குத் தங்கப் பதக்கம்.

விழா கோர்ட்டிலேயே நடந்தது. புல்லின் மேல் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். பதக்கம் கழுத்தில் விழுந்ததும் புல்லுக்காரர் மேடையிலிருந்து இறங்கி, நேரே கேட்டுக்கு நடந்தார். அழைப்பிதழ் இல்லாததால் மகள் வெளியே நின்றிருந்தாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, கம்பி வழியாக நீட்டினார்.

“இனிமே எப்ப வேணா வந்து ஆடும்மா. எவன் கேக்கறான்னு பாக்கறேன்.”

மகள் சாவியை வாங்கவில்லை. அவர் விரல்களை அதன்மேலேயே மடக்கிவிட்டாள்.

“வச்சுக்கோங்கப்பா. அடுத்த வருஷம் வேற நாட்டு டீம்ல சேர்ந்துட்டு வரேன். அப்ப நீங்களே திறந்துவிடுவீங்க.”