சாமிக்கு உழவர் அட்டை

இடைத்தரகர் என்ற இனத்தை அடியோடு ஒழிப்பது என்று முடிவெடுத்த அரசு, காவிரிக்கரையில் இருந்த அந்தச் சிறு நகரத்தில் உழவர் சந்தை திறந்தது. நாற்பது கடை, நாற்பது தராசு, தென்னை உயரத்துக்குத் தலைவர் கட் அவுட். விளைவித்தவரே விற்க வேண்டும். விற்க உழவர் அட்டை வேண்டும். அட்டைக்குப் பட்டா வேண்டும். மிக எளிய திட்டம்.

மருதையனிடம் பட்டா இல்லை. பாட்டன் காலத்திலிருந்து கோயில் படுகையில் ஒரு ஏக்கர் குத்தகை. கத்தரி போட்டிருந்தான். கமிஷன் மண்டி ஐயாவு சொன்ன விலைக்கு மூட்டையைத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டு வருவதே அவனுடைய வியாபார முறை. இந்த மகசூலையாவது சொந்தக் கையால் நிறுத்து விற்க வேண்டுமென்று மனுவோடு போனான்.

மனுவை வாங்கிய அலுவலர் வைத்தியலிங்கம் நேர்மையானவர். டீகூடச் சொந்தக் காசில்தான் குடிப்பார். அதனாலேயே அவரை அசைக்க முடியவில்லை.

"நிலம் யார் பேர்ல?"

"சாமி பேர்லங்க."

"அப்ப விவசாயி சாமிதான்."

"உழுறது, நடுறது, பறிக்கிறது எல்லாம் நானுங்க."

"அது வேலை. யார் வேணும்னாலும் செய்யலாம். விவசாயிங்கிறது பட்டாவுல இருக்கிற பேரு."

மருதையனுக்கு எரிச்சல் வந்தது. "அப்ப சாமிக்கே அட்டை குடுத்துடுங்க சார்."

கிண்டல் செய்தால் சிரிக்க வேண்டும் என்று எந்த அரசாணையிலும் இல்லை. வைத்தியலிங்கம் மேலிடத்துக்கு எழுதினார். 'ஆட்சேபணை இல்லை' என்று பதில் வந்தது. கடவுள் இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிய சுவருக்கு அடுத்த அறையில் சாமியின் அட்டை தயாரானது. தகப்பனார் பெயர்: சுயம்பு. வயது: பதினெட்டு நிரம்பியவர். புகைப்படத்தைக் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டினார்கள். மாலை முகத்தை மறைக்கிறது என்று அது ஒருமுறை திரும்பி வந்தது.

அட்டையும் மூட்டையுமாக மருதையன் சந்தைக்குப் போனான். வாசலில் வைத்தியலிங்கமே மறித்தார்.

"அட்டைதாரர் நேர்ல வரணும்."

"சாமி எப்படிங்க வரும்?"

"தேருக்கு வருதுல்ல? முடியாட்டி பிரதிநிதி வைக்கட்டும்."

"அந்தப் பிரதிநிதியா நான் இருந்துட்டுப் போறேனே."

"நீங்களா ஆகிக்க முடியாது. கோயில் நிர்வாகம் ஏலம் விடணும். எல்லாம் வெளிப்படையா நடக்கணும்ல."

வெளிப்படையாகவே நடந்தது. டெபாசிட் கட்ட வசதியுள்ளவர் ஒருவர்தான் வந்திருந்தார்: மண்டி ஐயாவு.

முதல் கடையில், சாமி படத்துக்குக் கீழே, நெற்றி நிறைய விபூதியோடு ஐயாவு உட்கார்ந்தார். மருதையனின் மூட்டையை வழக்கமான விலைக்கே எடுத்துக்கொண்டார்.

"இனிமே பேரம் பேசாதே மருதையா. கேக்குறது நான் இல்ல, சாமி."

வாங்க வந்தவர்களும் பேரம் பேசவில்லை. சாமி கடை என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்த ஆண்டறிக்கையில், இடைத்தரகர்கள் முற்றிலுமாக ஒழிக்கப்பட்டுவிட்டதாக வைத்தியலிங்கம் மனசாட்சியோடு எழுதினார்.

ஒரு நாள் மருதையனின் மனைவி அமிர்தமும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு ஒரு கிலோ வாங்கி வந்து குழம்பு வைத்தாள்.

"இது நம்ம கொல்லைக் காய்டி" என்றான் மருதையன்.

"நேத்து வரைக்கும். இப்ப சாமி கடைக் காய். கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாப்பிடுங்க."

ஒற்றிக்கொண்டு சாப்பிட்டான். சும்மா சொல்லக் கூடாது, ருசி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.