ஐந்தாவது ஏன்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. சிறுத்தைக்குப் பயப்படாதவர்கள் உண்டு. தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பயப்படாதவர்கள்கூட இப்போது நிறைய உண்டு. ஆனால் எங்கள் 'ஏன் சாரு'க்குப் பயப்படாத ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. அவர் எதிரே வருவது தெரிந்தால், தொழிற்சாலை வாசலில் படுத்திருக்கும் கிழட்டு நாய்கூட எழுந்து கொதிகலன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் எனக்கு மட்டும்தான் அது தெரியும். வரவுப் பதிவேட்டில் எழுதியவள் நான். மற்றவர்களுக்கெல்லாம் அவர் ஏன் சார்தான். தரத்தைக் கவனிக்கவென்று கம்பெனி அனுப்பிய அதிகாரி. ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, கொழும்பில் படித்து, அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஜப்பான்காரர்களின் வேலைமுறையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தவர். முப்பது வயது தாண்டியிருக்கும். ஒல்லி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டின் மஞ்சள் பெயின்ட்.

"எல்லாப் பொருளுக்கும் ஒரு எடம் இருக்கணும். எல்லாப் பொருளும் அதது எடத்துல இருக்கணும்" என்று முதல் நாளே அறிவித்துவிட்டு, குனிந்து கோடு போட ஆரம்பித்தார். விளக்குமாற்றைச் சுற்றி ஒரு கோடு. வாளியைச் சுற்றி ஒரு கோடு. மூன்றாம் நாள் துரை தன் அறையில் பாதி குடித்த தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு, போன் பேச வெளியே போனார். திரும்பி வந்தபோது கோப்பையைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

துரை வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மிஸ்டர், இது வெள்ளைக்காரன் காலத்து மேசை" என்றார்.

"ஆமா சார். அத்தன காலமா கப்புக்கு ஒரு எடம் இல்லாம இருந்திருக்கு பாருங்க."

துரை நாற்காலியில் உட்கார்ந்தவர், அந்தத் தேநீரைக் கடைசிவரை குடிக்கவில்லை.

அது கூடப் பரவாயில்லை. எங்கள் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவல் தெய்வம் ரோதை முனி; ரோதை என்றால் சக்கரம். அடுப்புக் கூடத்தின் மூலையில் ஒரு சூலமும் ஒரு கல்லுமாக இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைப்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கற்பூரமா என்று ஏன் சார் பதறிப்போய், அடுப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டு, சாமி கும்பிடுவதற்குப் பதினொரு படிகள் கொண்ட ஒரு நடைமுறை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். ஏழாவது படி இது: 'சாமி ஆடுபவர் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.'

பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். முனி சும்மா விடமாட்டார், இவர் ரத்தம் கக்கித்தான் ஊர் போய்ச் சேருவார் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை கூடம் முழுக்கக் கூட்டம். அடுப்புக்காரர் மேல் முனி வந்து இறங்கினார். கண்ணை உருட்டிக்கொண்டு, தலையை விரித்துக்கொண்டு, தடதடவென்று வந்தவர், கோட்டுக்கு அரை அடி இப்பால் சட்டென்று நின்றார். நின்ற இடத்திலேயே ஆடினார். ஆடி முடித்து மலையேறிவிட்டார்.

"முனியே நின்னுட்டாருடி" என்று என் பின்னால் ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் எந்தக் கோட்டையும் யாரும் தாண்டியதில்லை.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோடு அல்ல, கேள்வி. எந்தத் தப்பு நடந்தாலும் அதற்கு ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில்தான் மூலகாரணம் ஒளிந்திருக்கும் என்பது அவர் வேதம். அதற்கென்று ஐந்து கட்டம் போட்ட படிவம் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விரலை மடக்குவார்.

ஒருநாள் நான் இருபது நிமிஷம் பிந்தி வந்தேன்.

"ஏன் லேட்டு?"

"பஸ்ஸ விட்டுட்டேன் சார்."

"ஏன் விட்டீங்க?"

"குளிக்க நேரமாயிருச்சு."

"ஏன்?"

"சுடுதண்ணி இல்ல. மறுபடி வைக்க வேண்டியதாப் போச்சு."

"ஏன் இல்ல?"

"நா வச்ச தண்ணிய மாமி எடுத்துக் குளிச்சிட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

நான் யோசித்துப் பார்க்காமல், "அவங்க எப்பவும் அப்புடித்தான் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். மத்தியானம் அறிவித்தல் பலகையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் பெயர், தேதி, ஐந்து பதில், கடைசியில் கொட்டை எழுத்தில்: 'மூலகாரணம்: மாமியார். திருத்த நடவடிக்கை: பேசப்படும்.'

நான் கிழித்தெடுப்பதற்குள், அங்கேயே வேலை செய்யும் என் மாமியாரின் தங்கை அதைப் போனில் படம் பிடித்துவிட்டார். மறுநாள் காலை மாமியாரே தொழிற்சாலைக்கு வந்தார். "யாரு அந்த ஏன்னு கேக்குற சாரு? எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார். ஏன் சாரும் வந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்களோ, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கேத்தல் தண்ணீர் கொதிக்கிறது. என் மாமியாரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிய முதல் மனிதர் அவர்தான். என் வீட்டுக்காரர் இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது.

வெளிநாட்டில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர் ஒருவர் பையைத் திறந்தபோது, தேயிலைக்குள் நீல நிறத்தில் ஒரு பேனா மூடி இருந்திருக்கிறது. கடிதத்தோடு படமும் அனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்த துரையின் முகம் சாம்பலாகிவிட்டது. எங்கள் தேயிலைக் கொழுந்தைக் கீழே இன்னொரு தோட்டத்துக்கு லொறியில் ஏற்றிவிட்டு, எங்கள் தொழிற்சாலையை மூடிவிடலாமா என்று கம்பெனி முன்பே யோசித்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி மூடிய தொழிற்சாலை இப்போது ஹோட்டலாக இருக்கிறது.

அந்தப் பை எந்த நாளில் கட்டியது என்று தேடிப் பார்த்தபோது, அன்று சல்லடை இயந்திரத்தில் நின்றவர் மாரியாயி அக்கா என்று தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சல்லடையோடு நின்றவர். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், பிறகு வேலையிலிருந்து நிறுத்தப்படுவார், வாங்குகிறவருக்கு அதைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம். கொழும்புத் தலைமை அலுவலகம் போனில் சொன்ன யோசனை இது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். செய்யமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துரையின் அறையில் அவரும், துரையும், ஏன் சாரும், குறிப்பெடுக்க நானும். மாரியாயி அக்காவைக் கூப்பிட்டார்கள். தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். துரை கடிதத்தை வாசித்துக் காட்டினார்.

"நாஞ் செய்யலயே தொர" என்றார் அக்கா. கையிலிருந்த துணியை மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்த போடுங்கம்மா. சீக்கிரமா முடிஞ்சிரும்" என்றார் துரை. அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது ஏன் சார் எழுந்தார். "படிவம் நிரப்பாம கையெழுத்து வாங்கக் கூடாது சார். நடைமுறை."

இந்த நேரத்திலுமா இந்தக் கிறுக்கு என்று எனக்குக் கோபமே வந்தது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் என்று கையைக் காட்டினார்.

"அக்கா, மூடி ஏன் தேயிலைக்குள்ள விழுந்துச்சு?"

"மெசினு குலுங்கயில விழுந்திருக்கும் சார். பேனாவ அது மேலதான வப்போம்."

ஒரு விரல் மடங்கியது. "ஏன் மெசின் மேல வைக்கிறீங்க?"

"வேற எங்கன வைக்கிறது? மெசினு சரியா ஓடுதான்னு எழுதுற தாளு அங்கினதான தொங்குது. அரை மணிக்கு ஒருக்கா எழுதணும்ல."

"ஏன் தாள் அங்க தொங்குது?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான சார் மாட்டுனீங்க. பேனா பெட்டியும் நீங்கதான அட்டன் டவுன்ல இருந்து வாங்கிட்டு வந்தீங்க. கதவுகிட்ட மாட்டுங்க சார், இங்க தூசியும் குலுக்கலுமா இருக்குன்னு நா அன்னைக்கே சொன்னேன்."

என் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாளும் அந்தப் பேனாவும் தரத்தைக் காப்பாற்ற அவரே கொண்டுவந்தவை. அதற்கு முன் இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்துக்குள் ஒரு பேனா நுழைந்ததில்லை.

அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். ஆனால் விரல் மடங்கியது. அடுத்த கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை, படிவத்தைப் பார்த்தே கேட்டார்.

"நான் ஏன் அதக் கதவுகிட்ட மாட்டல?" கொஞ்சம் நிறுத்தினார். "தள்ளி மாட்டுனா, மெசினப் பாக்காமலே கதவுகிட்ட நின்னு பொய் எழுதிருவாங்கன்னு நெனச்சேன்."

துரை பதறிப்போய் அவர் கையைத் தொட்டார். "நாலு போதும் மிஸ்டர். உட்காருங்க."

"அஞ்சு கேக்கணும் சார்" என்றார் அவர். கடைசி விரலையும் மடக்கினார். "பொய் எழுதுவாங்கன்னு நான் ஏன் நெனச்சேன்?"

பெரியவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

"எங்கம்மாவும் இதே மாதிரி ஒரு தேயில ஸ்டோர்லதான் வேல செஞ்சாங்க. இவங்க பொய் எழுத மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆனா டை கட்டிக்கிட்டு வந்ததும் நான் இவங்கள நம்பல சார். அதுதான் காரணம்."

உட்கார்ந்து, மூலகாரணம் என்ற கட்டத்தில் தன் முழுப் பெயரை எழுதினார். கீழே, 'தொழிலாளி சொன்ன யோசனையைக் கேட்கவில்லை, தொழிலாளியை நம்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெரியவர் பக்கம் தள்ளிவைத்தார். துரை கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனி வேலையில் இருக்கும் ஒருவர் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்ததை அந்த அறையில் யாரும் அதுவரை கண்டதில்லை. மாரியாயி அக்காதான் முதலில் அசைந்தார். மேசையில் இருந்த தண்ணீர் கிளாசை எடுத்து, "குடிங்க சார்" என்று அவர் கையில் கொடுத்தார்.

நான் தட்டச்சு செய்த கடிதம் மேசையில் கிடந்தது. எழுந்து போய் அதை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

கையெழுத்தோடு கையில் இருந்தது அந்தப் படிவம் மட்டும்தான்; அதை அப்படியே வாங்குகிறவருக்கு அனுப்புவதைத் தவிர பெரியவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு வாரத்தில் பதில் வந்தது. இதுவரை தனக்கு வந்த விளக்கங்களிலேயே நம்பும்படியான விளக்கம் இதுதான் என்றும், திருத்தம் செய்துவிட்டு அடுத்த சரக்கை அனுப்பும்படியும் எழுதியிருந்தார். தாள் கதவருகே போனது. மூடியில்லாத இரும்புப் பேனா ஒன்று கயிற்றில் தொங்கியது. தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. மாரியாயி அக்கா ஒன்றரை வருஷத்தையும் முடித்து, மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஏன் சாரை மட்டும் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் எதுவும் எழுதப்படவில்லை. இப்போது கொழும்புப் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருக்கிறாராம்.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர், ராகலைக்குப் போகும் முன்பே இந்தப் பக்கம் வந்து, மாரியாயி அக்கா வீட்டில் சோறு தின்றுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் வீடு அதற்கு அடுத்த லயம்தான். ஒரு எட்டு வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. மாமியாருக்கு மூன்று நாள்.