ஒரு விரல் அகலம்

“மொதலாளி, இதுவும் வழுக்கிருச்சு!”

லோடுமேன் மொக்கைச்சாமி கத்தி முடிப்பதற்குள் லாரி மேலிருந்த திராட்சை கிரேட் தரைக்கு வந்து சேர்ந்தது. கீழே நின்ற ஈஸ்வரபாண்டியின் வேட்டி ஊதாவானது.

சின்னமனூரில் அந்தத் தெருவில் பிளாஸ்டிக் கிரேட் செய்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஈஸ்வரபாண்டி. இன்னொருவர் எதிர்ப் பட்டறை ஞானசிகாமணி, ஈஸ்வரபாண்டியின் மனைவி நாகஜோதியின் அண்ணன். மச்சான் வீட்டுக் காதுகுத்தில் தன்னை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று பேச்சை நிறுத்திய ஈஸ்வரபாண்டி, அந்த வேகத்தில் தன் கிரேட்டை ஒரு விரல் அகலம் கூட்டிப் புது அச்சுப் போட்டார்.

“இனிமே உங்க அண்ணன் பெட்டி நம்ம பெட்டி மேல உக்காராது. நம்மகிட்ட ஒரு தடவ வாங்குனவன் வேற எங்கயும் போக முடியாது. இதுதான்த்தா யாவாரம்!”

யோசனை நல்ல யோசனைதான். ஊரில் பாதிப் பேர் மச்சானிடமே வாங்கிக்கொண்டிருந்ததை மட்டும் மறந்துவிட்டார். ஒவ்வொரு லாரியிலும் இரண்டு அளவும் கலந்தே ஏறின.

“சேட்டா, ஓணத்துக்கு ரெண்டு பட்டறைப் பெட்டியும் வேணம், எல்லாம் ஒரே அளவு வேணம். இல்லெங்கில் ஞான் கம்பத்துப் பட்டறைல வாங்கிக்கும்” என்று கோட்டயம் வியாபாரி இரண்டு பட்டறையிலும் சொல்லிவிட்டார்.

ஈஸ்வரபாண்டி கிரேட்டுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினார். இப்போது வழுக்கவில்லை, கழலவும் இல்லை. ஒன்றைத் தூக்கினால் மூன்று வந்தது. மொக்கைச்சாமி உதறியதில் லாரிக்குள் ஜூஸ் ஓடியது.

பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றார். மறுநாளே எதிரே ‘இரண்டு இலவசம்’ என்று பலகை தொங்கியது.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசுனா என்னங்க?”

“அந்தாளா வந்து பேசட்டும்!”

ஓணம் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஆர்டரும் போனால் பட்டறைக்குப் பூட்டுத்தான். கடைசியில் ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கண்ணன் பெட்டி ஒண்ணு வேணும். அதே அளவுல அச்சுப் போட்டுர்றேன். வெளிய மூச்சு விட்றாத. பிள்ளைக மேல சத்தியம் பண்ணு.”

நாகஜோதி சத்தியம் செய்தாள். பெட்டியும் வந்தது. பழைய அச்சை உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார்.

வியாபாரி வந்த அன்று ஈஸ்வரபாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். எதிர் வாசலில் ஞானசிகாமணியும், என்ன காரணமோ, அதே மிதப்பில் நின்றார். மொக்கைச்சாமி இரண்டு பட்டறைப் புதுக் கிரேட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தான்.

“மொதலாளி, வழுக்குது!”

வியாபாரியின் கார் கம்பம் பக்கம் திரும்பியது.

“ஏத்தா, எவன் பெட்டியக் கொண்டாந்து குடுத்த?” என்று ஈஸ்வரபாண்டி மனைவி மேல் பாய்ந்தார்.

நாகஜோதி அசரவில்லை.

“எங்கண்ணன் பெட்டியத்தாங்க குடுத்தேன், மறுநாளே உங்க அளவுல அச்சுப் போடணும்னு அண்ணன் வந்து உங்க பெட்டியக் கேட்டு, எங்காத்தா மேல சத்தியம் வாங்கிட்டுப் போச்சு, பெறகு நான் எப்படிங்க வெளிய சொல்லுவேன்?”